மைத்துனர் கண்ட மட்டாஞ்சேரி

‘உள்ளூர் மாடு விலை போகாது’ என்பது பழமொழி. குடியிருக்கும் ஊருக்கும் அது பொருந்தும் என்பதை அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உணர்ந்தேன்.

ரயில்வேயில் பார்சல் எழுத்தராக நான் எர்ணாகுளத்திற்கு மாற்றலாகி வந்து எட்டு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. இந்த எட்டு ஆண்டுகளில் ‘மட்டாஞ்சேரி’ என்னும் பெயர் என் கண்ணில் படாத நாள் அரிது. சுக்கு மூட்டையாயினும் ஏலக்காய்ப் பெட்டியாயினும், அனுப்புவோர் முகவரியில் அப்பெயர் இருக்கும். எடை போட்டு, கட்டணம் கணக்கிட்டு, ரசீது கொடுத்து அனுப்பிவிடுவேன். அது எனக்கு ஒரு முகவரியாக இருந்ததேயன்றி ஊராக இருக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து உறவினர் வந்தால் கோட்டைக் கொச்சிக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, சீன வலைகளின் முன் நிறுத்திப் படம் எடுத்து, தேநீர் வாங்கிக் கொடுத்துத் திரும்பிவிடுவதே என் வழக்கம். நம் சங்கத்து அன்பர்களில் பலர் இவ்வகையில் எனக்குத் துணையாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

எனக்கு அவ்வூரைக் காட்டியவர், அதனை அதற்கு முன் கண்டிராத ஒருவர். அவர் என் மனைவியின் தமையனார்.

வந்த விருந்தினர்

மைத்துனர் காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைகளுக்குக் கரையும் முந்தியும் வரைந்து கொடுப்பவர். நல்ல சேலையைக் கண்டால் நெய்தவரைப் புகழ்வோம். விற்ற கடையை விசாரிப்போம். இடையே வரைந்தவர் ஒருவர் உண்டு என்பது பெரும்பாலோர் நினைவுக்கு வருவதில்லை. அவர் முதலில் வெள்ளைத்தாளில் சித்திரம் எழுதுவார். பின்னர் அதனைச் சிறு சிறு கட்டங்கள் அச்சிட்ட தாளில் ஏற்றுவார். ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கும் ஓர் இடம். எந்த இடத்தில் சரிகை வெளியே தெரிய வேண்டும், எந்த இடத்தில் மறைய வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வண்ணம் இட்டு நிரப்ப வேண்டும். அத்தாளைக் கொண்டு அட்டைகளில் துளையிடுவர். அட்டைகள் தறியின் மேலுள்ள ஜக்கார்டில் ஏறியபின், துளை இருக்கும் இடத்தில் பாவிழை எழும்பும். துளை இல்லாத இடத்தில் எழும்பாது. மயிலும் யாளியும் அன்னமும் இருதலைப்பட்சியும் இவ்வாறே பட்டில் வந்து அமர்கின்றன. ஒரு கட்டம் தவறினால் மயிலுக்குக் கண் போய்விடும் என்பார் அவர்.

இருபத்தாறு ஆண்டுகள் அவருக்கு வேலை கொடுத்து வந்த வணிகர் ஒருவர், சென்ற தை மாதம் அவரை அழைத்து, “இப்போது கணினியே எல்லாவற்றையும் வரைந்துவிடுகிறது. திருத்தம் ஏதாவது இருந்தால் சொல்லி அனுப்புகிறோம்” என்றாராம். சித்திரை பிறந்தும் சொல்லி அனுப்பவில்லை. மைத்துனருக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. மகள் கல்லூரியில் படிக்கிறாள். வேறு தொழில் அவருக்குத் தெரியாது.

என் மனைவி தொலைபேசியில் வற்புறுத்தி அவரை இங்கு வரவழைத்தாள். வந்தவர் இரண்டு நாட்கள் சன்னலருகே அமர்ந்து, குவார்ட்டர்ஸுக்கு எதிரேயுள்ள தென்னையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணன் இப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை. எங்கேயாவது அழைத்துக்கொண்டு போங்கள்” என்றாள் மனைவி. சித்திரக்காரரை எங்கே அழைத்துச் செல்வது? மட்டாஞ்சேரி அரண்மனையில் பழைய ஓவியங்கள் உண்டு என்று அலுவலகத்தில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளும் உடன் புறப்பட்டாள். அவள் மலையாளத்தைத் தண்ணீர் குடிப்பதுபோல் படிப்பாள். தமிழை வீட்டில் நன்றாகப் பேசுவாள். படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டித் தடுமாறுவாள். சங்கத்தின் ஞாயிறு வகுப்பு என்றால் அவளுக்குத் தவறாமல் தலைவலி வந்துவிடும். இது எங்கள் வீட்டில் ஒரு நெடுநாள் வழக்கு.

கடைத்தெரு

எர்ணாகுளம் படகுத்துறையில் கோட்டைக் கொச்சிக்குப் படகு ஏறினோம். இடப்புறம் வில்லிங்டன் தீவு. 1920-ஆம் ஆண்டு இங்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்னும் ஆங்கிலப் பொறியாளர், கப்பல்களை மறித்துக்கொண்டிருந்த மணல்திட்டை வெட்டி வழி உண்டாக்கினார். காயலிலிருந்து அள்ளிய மண்ணைக் கொண்டே இத்தீவை எழுப்பினார்கள். ரயில்வேக்காரனுக்கு அத்தீவின்மேல் ஒரு பாசம் உண்டு. ஒரு காலத்தில் தொலைதூர வண்டிகள் அங்குள்ள ஹார்பர் டெர்மினஸ் வரை சென்று, கப்பலின் பக்கத்திலேயே போய் நிற்கும். இன்று அவை எர்ணாகுளத்தோடு நின்றுவிடுகின்றன. இவற்றையெல்லாம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். மைத்துனர் ‘உம்’ கொட்டினாரேயன்றி வேறு பேசவில்லை.

கரை இறங்கிக் கல்வத்தி வழியாகக் கடைத்தெருவில் நடந்தோம். ஒருபுறம் காயலை நோக்கிய பழைய கிடங்குகள், மறுபுறம் மண்டிகள். விடுமுறை நாளாயினும் சில கதவுகள் திறந்திருந்தன. சுக்கும் மிளகும் கலந்த காரமான மணம் தெரு முழுவதும் நிறைந்திருந்தது. ஒரு கிடங்கின் வாயிலில் அடுக்கியிருந்த சாக்குகளின் முன் மைத்துனர் திடீரென நின்றார். சாக்குகளின்மேல் தகட்டில் வெட்டிய அச்சை வைத்து மை பூசியிருந்தார்கள். ஒன்றில் நங்கூரம், ஒன்றில் பிறை, ஒன்றில் வட்டத்துக்குள் இரண்டு மீன்.

“மாப்பிள்ளை, இந்த மீனைப் பாருங்கள். மூன்றே வெட்டு. அதற்குமேல் ஒரு கோடு கூட இல்லை. தூரத்திலிருந்து பார்த்தாலும் மீன்தான். இதை வெட்டியவன் கெட்டிக்காரன்” என்றார். சட்டைப் பையிலிருந்து சிறிய குறிப்புப் புத்தகத்தை எடுத்து வரையத் தொடங்கினார். நான் திகைத்துப்போனேன். அந்த மீன் சாக்கின்மேல் எட்டு ஆண்டுகளாக ரயில்வே சீட்டு ஒட்டி வருகிறவன் நான். அது மீன் என்பதையே அன்றுதான் கண்டேன்.

மிளகு முன்பேர வணிகத்திற்காக 1957-இல் தொடங்கிய சங்கம் இவ்வூரில்தான் உண்டாயிற்று. வியாபாரிகள் ஒரு கூடத்தில் நின்று கூவிக் கூவி விலை பேசுவார்கள் என்றும், கணினி வந்தபின் அந்தக் கூவல் ஓய்ந்துவிட்டது என்றும் மைத்துனரிடம் சொன்னேன். “ஓகோ, அவர்களுக்கும் வந்துவிட்டதா?” என்று கேட்டுச் சிரித்தார். வந்து மூன்று நாட்களில் அதுவே அவருடைய முதற்சிரிப்பு.

அரண்மனை

டச்சு அரண்மனை என்று எல்லோரும் வழங்கினும், அதைக் கட்டியவர்கள் போர்த்துக்கீசியர். 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தனர். 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதனைப் பழுதுபார்த்துப் புதுக்கியதால் பெயர் அவர்களுக்குப் போயிற்று. வெளித்தோற்றம் எளியது. நம் ஊர்க் கோபுரங்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு ‘இதுதானா அரண்மனை?’ என்று தோன்றும். நடுமுற்றத்தில் பழையன்னூர் பகவதியின் கோயில்.

மன்னரின் பள்ளியறையில் நுழைந்ததும் மைத்துனர் பேச்சை நிறுத்திவிட்டார். சுவர்களில் இராமாயணம். தசரதனின் வேள்வி தொடங்கிக் கதை செல்கிறது. வெற்றிடம் என்று சொல்ல விரற்கடை அளவும் இல்லை. முகம், முடி, மாலை, மடிப்பு, கொடி, மரம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி நிற்கின்றன. மஞ்சளும் செம்மையும் காவிக் கற்களிலிருந்தும், கருமை விளக்குப் புகையிலிருந்தும், பச்சை தாவரச் சாறுகளிலிருந்தும் எடுக்கப்படுவது கேரளச் சுவரோவியத்தின் மரபு. வெண்மைக்குச் சுண்ணாம்புச் சுவரே போதும்.

அங்கே படம் எடுக்கக் கூடாது. ஆதலால் மைத்துனர் கண்ணாலேயே எடுத்தார் எனலாம். என் மகள் இராமனைத் தேடினாள். அவரோ இராமனின் இடுப்பில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கரை பார், அம்மா. மடிப்பு வளையும் இடத்தில் கரையும் வளைகிறது. துணியைக் கையால் தொட்டவன்தான் இப்படி எழுத முடியும்” என்று அவளுக்குக் காட்டினார். அதன்பின் அவளும் கதையை விட்டுவிட்டுக் கரைகளைத் தேடத் தொடங்கினாள். முற்றத்திற்கு வந்ததும் ஒரு திண்ணையில் அமர்ந்து, நினைவில் இருந்தவற்றை ஐந்து பக்கங்கள் வரைந்தார். நாங்கள் காத்திருந்தோம். நேரம் போனது எனக்கும் தெரியவில்லை.

நீலத் தளம்

அரண்மனைக்கு அடுத்ததே யூதர் தெரு. பகவதி கோயிலுக்கும் யூதர்களின் தொழுகைக்கூடத்திற்கும் இடையே ஒரு சுவரே உள்ளது. 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெபாலயம் அது. போர்த்துக்கீசியர் சிதைத்ததை டச்சுக்காரர் காலத்தில் மீண்டும் எடுத்துக் கட்டினார்கள். 1968-இல் நடந்த நானூறாம் ஆண்டு விழாவிற்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்திருந்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அளித்த செப்பேடு, இந்தச் சமூகத்தின் பெருஞ்செல்வம். அது வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. நம் பாண்டிநாட்டுக் கல்வெட்டுகளில் காணும் அதே வட்டெழுத்துத்தான்!

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைய வேண்டும். மேலே கண்ணாடி விளக்குகள் தொங்குகின்றன. நடுவே பித்தளை மேடை பளபளக்கிறது. எல்லோரும் மேலே பார்த்தார்கள். மைத்துனர் கீழே பார்த்தார். தளம் முழுவதும் வெண்மையில் நீலச் சித்திரம் எழுதிய பீங்கான் கற்கள். டச்சுக் கம்பெனியோடு வணிகம் செய்த எசக்கியேல் ரகபி என்னும் யூதப் பெருவணிகர், 1762-இல் சீனத்துக் காண்டன் நகரிலிருந்து வரவழைத்துப் பதித்தவை. ‘ஒன்றுபோல் ஒன்று இல்லை’ என்று வருவோர்க்கெல்லாம் சொல்வார்கள். அன்றும் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

மைத்துனர் ஓர் ஓரமாகக் குந்தி அமர்ந்தார். வெகுநேரம் கழித்து என்னை அருகே அழைத்தார்.

“மாப்பிள்ளை, அவர் சொல்வது சரிதான், ஆனால் சொல்லும் விதம் தவறு. படம் பலவல்ல, சிலதான். இதோ இந்தக் கிளை அங்கே வருகிறது, அதற்கப்பாலும் வருகிறது. மாதிரி ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு பலர் எழுதியிருக்கிறார்கள். படம் திரும்பி வருகிறது. கை திரும்பி வரவில்லை. இங்கே பாருங்கள், தூரிகை ஈரமாக இருந்திருக்கிறது, இலை ஊறிவிட்டது. இவன் அவசரக்காரன், நுனியை முடிக்காமல் விட்டுவிட்டான். இவனுக்கு அன்று கூலி கிடைத்திருக்கும் போலிருக்கிறது, கோடு என்ன துள்ளு துள்ளுகிறது!”

என் மகள் சிரித்துவிட்டு, தானும் குனிந்து, “மாமா, இவன் தூக்கக்காரன்” என்று ஒரு கல்லைக் காட்டினாள். இருவரும் இப்படியே, இருநூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த முகமறியாச் சீனர்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டே சென்றார்கள்.

வெளியே வந்தபின் மைத்துனர் மெதுவாகச் சொன்னார்: “கணினி என் மயிலைத்தான் நெய்கிறது, மாப்பிள்ளை. நான் பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதியதை அதில் ஏற்றியிருக்கிறார்கள். ஆயிரம் சேலையிலும் ஒரே மயில். தவறு ஒன்றும் இல்லை, சொல்லப்போனால் என்னைவிடச் சுத்தம். ஆனால் நான் எழுதினால் ஒவ்வொரு தடவையும் கழுத்து சற்று வேறாக வரும். அது குற்றம் என்று நினைத்து இத்தனை நாள் வெட்கப்பட்டேன்.”

நான் பதில் சொல்லவில்லை. ஆயிரம் சேலையிலும் ஒரே மயில் இருப்பதை வாங்குவோர் விரும்பினால் அவர் என்ன செய்வார் என்ற கேள்வி என் நாவில் இருந்தது. அவருக்கும் அது தெரியாததன்று.

மணிக்கூண்டு

ஜெபாலயத்தை ஒட்டி நிற்பது 1760-இல் ரகபியே கட்டிய மணிக்கூண்டு. அதன் முகங்களில் வெவ்வேறு எழுத்துகளில் எண்கள்: ஒன்றில் எபிரேயம், ஒன்றில் ரோமன், அரண்மனையை நோக்கிய முகத்தில் மலையாளம். தொழ வருவோர்க்கும், வணிகர்க்கும், மன்னர்க்கும் அவரவர் எண்ணில் நேரம்!

மலையாள எண்களை மைத்துனர் ஒவ்வொன்றாக வரைந்தார். அருகிலேயே மற்றொரு வரிசை எழுதினார்: ௧, ௨, ௩, ௪ என்று பத்துவரை. “இவை என்ன, மாமா?” என்றாள் மகள். “நம் எண்கள், அம்மா. தமிழ் எண்கள்.” அவள் இரண்டு வரிசைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். “இரண்டு ஒன்றுபோலவே இருக்கிறது. ஏழும் அப்படியே. இவை இரண்டும் அக்கா தங்கையா?” என்று கேட்டாள். பின்பு என்னைப் பார்த்து, “அப்பா, எட்டு எப்படி எழுதுவது?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. நாள்காட்டியில் பார்த்திருக்கிறேன், கைப்பட எழுதியதில்லை. மகள் தமிழ் படிக்கவில்லை என்று இத்தனை நாள் வழக்காடிய தந்தை, மட்டாஞ்சேரித் தெருவில் நின்று மைத்துனரிடம் எட்டு எழுதக் கற்றுக்கொண்டேன்.

தெருவில் பழம்பொருள் கடைகள் நிறைந்திருந்தன. 1948-இல் இஸ்ரேல் நாடு உண்டானபின் யூதர்கள் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டுப் போய்விட்டார்கள். அத்தெருவில் நெடுங்காலம் கைத்தையல் கடை வைத்திருந்த சாரா கோஹன் என்னும் மூதாட்டி, 2019-இல் தமது 96-ஆம் வயதில் காலமானார். வழிபாட்டுக்குரிய குல்லாய்களிலும் விரிப்புகளிலும் அவர் பூ வேலை செய்வார். முதுமையில் அவருக்கு மகன்போல் துணைநின்ற இஸ்லாமிய அன்பர் ஒருவர், அவரிடமே அத்தையலைக் கற்று, அவருக்குப் பின்னும் கடையின் நினைவைக் காத்து வந்தார். கேட்டதும் மைத்துனர், “பார்த்தீர்களா, படத்தைக் கொண்டுபோக ஒரு கை வேண்டியிருக்கிறது. யாருடைய கை என்று படம் கேட்பதில்லை” என்றார்.

துறையில் கேட்ட தமிழ்

திரும்பும் வழியில் ஒரு தமிழ்க்குரல் கேட்க வேண்டும் என்று மைத்துனர் விரும்பினார். ஆட்டோவில் கோட்டைக் கொச்சிக்கு வந்து, வெளி மைதானத்தை அடுத்த சலவைத்துறைக்குச் சென்றோம். டச்சுப் படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து தம் முன்னோர் அழைத்து வரப்பட்டனர் என்பது இங்குள்ள வண்ணார் சமூகத்தாரிடையே வழங்கும் வரலாறு. நாம் மாற்றலாகி வந்து எட்டு ஆண்டு, பத்து ஆண்டு என்று கணக்குச் சொல்கிறோம். அவர்கள் கணக்கு முந்நூறு ஆண்டை நெருங்குகிறது. வரிசையாகத் துவைக்கும் தொட்டிகள். மைதானத்தில் வெள்ளைத் துணிகள். கவ்வி ஒன்றும் கிடையாது. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடையே முனையைச் செருகிவிடுகிறார்கள். காற்று எத்தனை அடித்தாலும் துணி நழுவுவதில்லை.

கரிப்பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்கள் பேச்சைக் கேட்டு நிமிர்ந்தார். “எந்த ஊருங்க?” என்றார். அவருடைய தமிழில் மலையாளத்தின் இழுப்பு இருந்தது, ஆனால் தமிழ்தான். மைத்துனரின் தொழிலைக் கேட்டறிந்ததும், ஒரு விரிப்பின் மூலையைப் புரட்டிக் காட்டினார். அங்கே ஒரு கோடும் இரண்டு புள்ளியும். எந்த வீட்டுத் துணி என்று அறியும் குறி. முன்னாளில் சேங்கொட்டைச் சாற்றால் இடுவார்களாம். எத்தனை வெளுத்தாலும் போகாது. “எங்க அப்பா இதுல ஒரு புள்ளி வைப்பாரு. நான் ரெண்டு வைக்கிறேன்” என்றார் பெரியவர். மைத்துனர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் நீலத் தளமே நினைவுக்கு வந்தது. அந்தக் குறியையும் புத்தகத்தில் வரைந்து, பெரியவரைக் கும்பிட்டு விடைபெற்றார்.

செவ்வாய்க்கிழமை இரவு வண்டியில் மைத்துனரை ஏற்றிவிட்டேன். ஊர் சென்றதும் அவருக்கு வேலை கிடைத்துவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் அவ்வாறு நிகழவில்லை. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் விசாரித்திருக்கிறார். இன்னும் விடை வரவில்லை. கணினியில் வரையக் கற்றுக்கொள்ளவும் மகளிடமே பாடம் கேட்கிறாராம். இரண்டு வாரங்களுக்கு முன் கட்டத்தாள் ஒன்றின் படத்தை அனுப்பியிருந்தார். கரை முழுவதும் நீலத்தில் கிளையும் இலையும். எந்த இரண்டு இலையும் ஒன்றல்ல. மூலையில் ஒரு கோடும் இரண்டு புள்ளியும். யாரும் கேட்டு எழுதியதன்று. தை மாதத்திற்குப் பின் அவர் எழுதிய முதல் கரை அது.

என் மகள் தன் பள்ளிப் புத்தகங்களின் பக்கங்களுக்கெல்லாம் தமிழ் எண் இட்டு வைத்திருக்கிறாள். ஞாயிறு வகுப்புக்குத் தலைவலி இன்னும் வருகிறது. ஆனால் முன்போல் ஒவ்வொரு வாரமும் வருவதில்லை.

நேயர்கள் ஒருமுறை சென்று வருக. அரண்மனைக்கு வெள்ளிக்கிழமையும், ஜெபாலயத்திற்குச் சனிக்கிழமையும் விடுமுறை. ஞாயிறு உகந்த நாள். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஊரிலிருந்து வரும் விருந்தினர் யாரேனும் உடன் இருந்தால் இன்னும் நன்று. அவர்கள் நிற்கும் இடத்தில் நாமும் சற்று நின்று பார்க்கலாம். கடைத்தெருவில் மீன் குறியிட்ட சாக்கைக் கண்டால், அது மறுநாள் என் மேசைக்கு வரும் சரக்கு என்று அறிக. இப்போதெல்லாம் அதன்மேல் சீட்டு ஒட்டும்போது மீனை மறைக்காமல் ஒட்டுகிறேன்.